நெல் அறையில் ஒரு வெந்நீர் மெஷின்

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெப்ப இயக்கவியல் நடத்துகிற ஒருத்தியின் வீட்டில், ஒரு மார்கழியில் பாதி மாதம் வெந்நீர் வரவில்லை. அந்த ஒருத்தி நான்தான். என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து பெற்றோரிடம் காட்ட வேண்டாம்.

எங்கள் வீடு செஞ்சியில், கோட்டை மலைக் குரங்குகள் காலை டிபனுக்கு இறங்கி வருகிற தெருவில் இருக்கிறது. பழைய வீடு. சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேல் கனம். நான் வேலை பார்க்கும் பள்ளி பக்கத்திலேயே இருப்பதால் அம்மாவோடும் நைனாவோடும்தான் வசிக்கிறேன். (எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம்.)

நைனா நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகும் ஒரு வேலையை மட்டும் விடவில்லை. விடிந்ததும் தோட்டத்து விறகு அடுப்பை மூட்டி, செப்பு அண்டாவில் வீட்டுக்கே வெந்நீர் போடுவார். ஊதுகுழலை வைத்து அவர் ஊதுவதும், ஊதிவிட்டு இருமுவதும்தான் எனக்கு அலாரம். அந்த வருஷம் ஐப்பசி மழையில் இருமல் இழுப்பாக மாறியது. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடுப்புப் புகை இனிமே கூடவே கூடாது. இப்படியே ஊதிக்கிட்டு இருந்தா அடுத்த வருஷம் ஆக்சிஜன் சிலிண்டரோடதான் படுக்கணும்" என்றார். நைனா ஆஸ்பத்திரி வாசலிலேயே, "அவருக்கு இன்னா தெரியும், கேஸ் அடுப்புல குளிக்கிறவரு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரியே நான் முடிவெடுத்தேன். சாதாரண கீஸர் ஒன்று வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் நான் படித்தவள் அல்லவா. எங்கள் வீட்டு வயரிங் கீஸரைத் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் வேறு சொன்னாரா, ஹீட் பம்ப் என்று ஒன்றைத் தேடிப் பிடித்தேன். காற்றில் இருக்கிற வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கிற மெஷின் அது. ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி. தண்ணீரைச் சுட வைக்கும், குளிர்ந்த காற்றை வெளியே ஊதும். கரண்டும் குறைவு. விலைதான் என் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டது. (குளிர்ந்த காற்றை ஊதும் என்பதை நீங்களாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.)

மெஷினை மாட்ட வந்தவர் திண்டிவனத்துக்காரர். நேராகத் தோட்டத்துக்குப் போய், "இங்க வெச்சிடலாம் மேடம், நல்லா காத்தோட்டமா இருக்குது" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவில் உட்கார்ந்து வயரைக் கடித்துக்கொண்டிருந்தது. நாளைக்கு என் மெஷின் வயரையும் கடிக்கும். "உள்ளே வையுங்க" என்று சமையலறைக்குப் பின்னால் இருந்த நெல் அறையைக் காட்டினேன். ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் எறும்புகூட நுழையாது. குரங்கு எங்கே நுழையும்?

அவர் தலையைச் சொறிந்தார். "மேடம், இந்த மெஷினுக்குக் காத்து..." என்று ஆரம்பித்தார்.

"தம்பி, நான் பிசிக்ஸ் டீச்சர்" என்றேன்.

அவர் டூல்ஸ் பையைத் திறந்தார். சொன்ன இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அன்றே செப்பு அண்டாவைத் துலக்கிப் பரண்மேல் ஏற்றினேன். நைனா கீழே நின்று, ஊருக்குப் போகிற ஆளைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் தண்ணீர் நன்றாகச் சுட்டது. இரண்டாம் நாள் வெதுவெதுப்பு. மூன்றாம் நாளிலிருந்து, குளித்துவிட்டு வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனார்கள். நான் பட்டனை அழுத்தி அளவை ஏற்றினேன். அணைத்துப் போட்டேன். போனில் கம்பெனிக்காரர்கள் அணைத்துப் போடச் சொன்னார்கள், மறுபடியும் அணைத்துப் போட்டேன். வோல்டேஜைத் திட்டினேன், போர் தண்ணீரின் உப்பைத் திட்டினேன். மெஷின் மட்டும் ராப்பகலாக உறுமிக்கொண்டே இருந்தது. அதன் முகப்பில் ஆறு கால் வைத்த நட்சத்திரம் போல ஒரு குறி மின்னி மின்னி மறைந்தது.

"இன்னாடி அது?" என்றாள் அம்மா. "மார்கழின்னு அதுவும் கோலம் போடுதா?"

"அது ஸ்டார் ரேட்டிங்மா. கரண்டை மிச்சம் பிடிக்குதுன்னு அர்த்தம்."

"அந்த ரூமே குளுருது."

"பழைய சுவரு இல்லையா, அப்படித்தான் இருக்கும்."

அதே சமயம் வீட்டில் இன்னொரு கஷ்டமும் ஓடிக்கொண்டிருந்தது. இட்லி மாவு பொங்கவில்லை. காலம் காலமாக அம்மா மாவுக் குண்டானை நெல் அறையில்தான் வைப்பாள். கதகதப்பான அறை, காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இப்போது வைத்தது வைத்தபடி கிடந்தது. அம்மா ரேஷன் அரிசியைக் குறை சொன்னாள், நான் உளுந்தைக் குறை சொன்னேன். ஒரே அறையில் தண்ணீர் சுடவில்லை, மாவு புளிக்கவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எந்தப் பட்டமும் தேவையில்லை. என்னிடம் மூன்று பட்டம் இருந்தது.

மெஷின் வருவதற்கு முன்பே என் தங்கை கவிதா பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பெற்று, இப்போது குழந்தைக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. குழந்தைக்கு மட்டும் அம்மா கேஸில் தண்ணீர் காய்ச்சினாள். நைனா பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பல் தந்தி அடிக்க வந்து நிற்பார். "பேசாம அடுப்ப மூட்டிக்கிறேம்மா" என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னார். நான் கத்திவிட்டேன். மெஷின் தோற்றால் அவர் அடுப்பங்கரைக்குத் திரும்பிவிடுவார், அந்த எக்ஸ்ரேதான் கண்முன் வந்தது. கத்தினதில் பாதி அந்தப் பயம். மீதிப் பாதி என் வறட்டு கௌரவம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த லட்சணத்தில் கவிதாவின் மாமியார் அவலூர்பேட்டையிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்தார். வரும்போதே, "கொழந்தைக்கு இன்னிக்கி நான்தான் தண்ணி ஊத்துவேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். காலை டிபனுக்கு இட்லி வைத்தோம். ஒன்றை விண்டு பார்த்துவிட்டு, "இட்லி கெட்டியா இருக்குதே சம்பந்தி" என்றார். "ரெண்டு வாரமா மாவு பொங்க மாட்டேங்குது" என்று அம்மா அழாத குறையாகச் சொன்னாள். நான் பேச்சை மாற்ற நினைத்து, இருக்கிற பேச்சிலேயே மோசமான பேச்சுக்கு மாற்றினேன்.

"அத்தை, எங்க வீட்டு வெந்நீர் மெஷினைப் பாத்தீங்களா?"

சமையலறையில் இரண்டு அடுப்பிலும் விருந்துச் சமையல் ஏறியிருந்தது. "கொழந்தை தண்ணிக்கு ஒரு அடுப்பக் காலி பண்ணட்டா?" என்று அம்மா கிசுகிசுத்தாள். "வேண்டாம், இன்னிக்கு மெஷின் தண்ணிதான்" என்று குளியலறையில் குழாயைத் திறந்து வாளியை நிறைத்தேன். கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு என்று சொன்னால்கூட அது புகழ்ச்சிதான். பார்த்துக்கொள்ளலாம் என்று அத்தையை நெல் அறைக்குக் கூட்டிப்போய், இயற்கையிலிருந்து வெப்பம் எடுப்பது பற்றி ஒரு பீரியட் நடத்தினேன். அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டார். நான் மின்னுகிற நட்சத்திரத்தையும் காட்டினேன்.

திரும்பி வந்தால், வாளியில் ஆவி பறக்கிறது.

கை வைத்தேன். சுட்டது. என் மெஷின், என் தங்க மெஷின், மானத்தைக் காப்பாற்றிவிட்டது. "பாத்தீங்களா அத்தை, கொஞ்சம் டைம் எடுக்கும், ஆனா எடுத்தா இப்படித்தான்" என்று அளந்துவிட்டேன். குழாயில் பிடித்து வைத்த தண்ணீர் வாளியில் இருந்தபடியே எப்படிச் சூடாகும் என்று யோசிக்கவே இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும்.

அத்தை காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு, எண்ணெய் நீவி, பயத்தமாவு தேய்த்து ஊற்ற ஆரம்பித்தார். தாராளமான கை. தலைக்கு வருவதற்குள் வாளி காலி. "இன்னும் ரெண்டு சொம்பு புடி டீச்சரம்மா" என்றார்.

நான் ரிப்பன் வெட்டுகிற மந்திரி மாதிரி குழாயைத் திறந்தேன். அத்தை புறங்கையை நீட்டினார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, ஐஸ் மாதிரி இருக்குது?"

தலையெல்லாம் மாவோடு குழந்தை வீறிட்டது. கவிதா உள்ளேயிருந்து ஓடிவந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்னும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அப்போது தோட்டத்துப் பக்கமிருந்து இருமல் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த இருமல்.

வாளியோடு ஓடினேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மூன்று செங்கல்லை வைத்து நைனா அடுப்பு மூட்டியிருந்தார். பனியில் நனைந்த தென்னமட்டை, ஒரே புகை. வாளியைச் சுட வைத்த அலுமினியக் குண்டானில் மறுபடியும் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. முகமெல்லாம் கரி. என்னைப் பார்த்ததும் எழுந்து குண்டானுக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"சும்மா... குப்பை கொளுத்தினேன்" என்றார். அதற்கு மேல் மூச்சு வரவில்லை. நெஞ்சு இழுத்தது. நான் அவரைப் பிடிக்கப் போனேன். அவர் கையைத் தட்டிவிட்டுக் குண்டானைக் காட்டினார். "மொதல்ல கொழந்தைக்கு எடுத்துனு போ."

அம்மா இன்ஹேலரோடு ஓடிவந்தாள். நான் சுடுதண்ணீரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அழுதுகொண்டுதான் போனேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

குழந்தை குளித்துத் தூங்கியது. அரைமணி நேரத்தில் நைனாவுக்கும் மூச்சு சீரானது. கடைசியில் அத்தைதான் ஆரம்பித்தார். "டீச்சரம்மா, தப்பா நெனச்சுக்காத. அந்த ரூம்ல நின்னு எனக்குக் காலு வெறச்சுப் போச்சு. மாவயும் அங்கதான் வெக்கிறீங்களா?"

"ஆமா" என்றாள் அம்மா.

நான் எழுந்து போய் நெல் அறைக் கதவைத் திறந்தேன். முதல் தடவையாக அந்த அறையை ஒரு அறையாகப் பார்த்தேன். காற்று போக வழியில்லை, வர வழியில்லை. மெஷின் இருக்கிற கொஞ்சம் சூட்டையும் உறிஞ்சிவிட்டு, தான் ஊதின குளிர்ந்த காற்றையே திரும்பத் திரும்ப மூச்சிழுத்துக்கொண்டு திணறுகிறது. வீட்டில் இன்னொரு ஆளுக்கும் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கையேட்டை எடுத்துப் பிரித்தேன். அந்த நட்சத்திரம் நட்சத்திரமே இல்லை. பனித்துகள் படமாம். உள்ளே பனி உறைகிறது, கவனி என்று அந்தப் பாவப்பட்ட மெஷின் பதினைந்து நாளாகக் கெஞ்சியிருக்கிறது. செஞ்சியில் பிறந்தவளுக்குப் பனித்துகள் எந்த வடிவத்தில் இருக்கும் என்று எப்படித் தெரியும்?

திண்டிவனத்துக்காரர் இரண்டு நாளில் வந்தார். மெஷினைத் தோட்டத்துக்கு மாற்றி, குரங்குக்காக இரும்புக் கம்பிக் கூண்டு வைத்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. போகும்போது மட்டும், "உங்களுக்குத் தெரியாததா மேடம், நீங்க பிசிக்ஸ் டீச்சரு" என்று மரியாதையாகச் சொன்னார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலையில் குழாயில் நிஜமாகவே ஆவி பறந்தது. நைனா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் கேட்டேன். "ஏன் நைனா அப்படிப் பண்ண? செத்துகித்துப் போயிருந்தா?"

அவர் துண்டால் காதைத் துடைத்துக்கொண்டார். "நீ அதை எனக்கோசரம்தான வாங்கின? சம்பந்தி எதிர்ல அது ஓடலன்னா எனக்குத்தான கேவலம்."

செங்கல் மூன்றையும் அன்று நானே எடுத்துப் போட்டேன். மாவுக் குண்டான் நெல் அறைக்குத் திரும்பியது, அடுத்த நாளே மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

இப்போது மெஷின் நன்றாக ஓடுகிறது. வெயில் காலத்தில் கூண்டுக்கு வெளியே, அது ஊதுகிற குளிர்ந்த காற்றில் இரண்டு குரங்குகள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் நைனா. அவர்களுக்குள் தகராறு இல்லை. வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால், "விடுங்க, அவ பிசிக்ஸ் டீச்சர்" என்று கவிதா முடித்துவிடுவாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன்.

கவிதாவின் மகளுக்கு இப்போது நாலு வயது. லீவுக்கு வந்தால் காலையில் குளியலறை வாசலில் நின்று, அவலூர்பேட்டைப் பாட்டி சொல்லிக் கொடுத்தபடி, முதலில் அதைத்தான் கேட்பாள்.

"பெரிம்மா, இது மெஷின் தண்ணியா, தாத்தா தண்ணியா?"

மெஷின் தண்ணி என்றால் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அதனால் தாத்தா தண்ணி என்றே சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்னால் பார்க்காமலே வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.