வாளுறைச் சோதனையும் ஒரு வாளி கொழுப்பும்

மதிப்புக்குரிய போகுஷ் சித்தப்பாவுக்கு,

என் வாளுறையை நீங்கள் வாசலில் மறித்தது சரித்திரத்துக்காக அல்ல. பல் டாக்டர் ரெமிகியூஷுக்குப் பக்கத்தில் ஒரு மீன் ஆலைக்காரி வாளோடு நிற்கக் கூடாது என்பதற்காக. நான் நலம். நீங்களும் ஹால்ஷ்கா சித்தியும் உங்கள் முழங்காலும் நலமாக இருக்க ஆண்டவர் அருள்வாராக.

ஜூலை வந்தால் ஏரிக்கரைப் புல்வெளியில் நம் சங்கம் ஆயிரத்து நானூற்றுப் பத்தாம் ஆண்டுப் போரை வேஷம் கட்டி நடித்துக் காட்டுகிறது, உங்கள் தலையசைப்பு இல்லாமல் ஒரு வாளும் உள்ளே போக முடியாது, இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் குளிர்காலம் முழுக்க, வேலை முடிந்து கையில் மீன் நாற்றத்தோடு உட்கார்ந்து, இரண்டு மெல்லிய பலகைகளைச் செதுக்கி, உள்ளே கம்பளி ஒட்டி, மேலே தோல் போர்த்தி, பின்பக்கம் கையால் தைத்தேன். அதை இடுப்பில் கட்டும் வாருக்குப் பக்கிள் கிடையாது; ஒரு முனையை இரண்டாகக் கிழித்து, மறுமுனையின் ஓட்டைகளில் நுழைத்து முடிச்சுப் போடுவது. முன்வரிசையில் ஒரே ஒரு முறை நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. நீங்கள் என் உறையைச் செத்த எலியைத் தூக்குவது போல் இரண்டு விரலால் தூக்கினீர்கள்.

"என்னடி இது? முடிச்சு வாரா? இது ஆயிரத்து இருநூத்தம்பது மோஸ்தர். நூத்தறுபது வருஷம் முன்னாடியே வந்துட்ட. போய் ஓரமா உக்காரு."

"நான் ஏழை வீரன் சித்தப்பா. இது என் பாட்டன் பூட்டன் கட்டின வாரு. மோஸ்தர் மாறிடுச்சுன்னு ஏழை நல்ல தோலைத் தூக்கி எறிவானா? நீங்க போட்டிருக்கிற கோட்டே எங்க அப்பா போட்டதுதானே?"

"எல்லாரும் பூட்டன் வாருன்னு ஆரம்பிச்சா, நாளைக்கு ஒருத்தன் கல்லுக் கோடாலியோட வந்து நிப்பான். நகரு!"

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன், அதுதான் எரிச்சல். எனக்குப் பின்னால் டாக்டர். இடுப்பைச் சுற்றித் தங்க முலாம் பூசிய தகடுகள், அதற்குச் சாட்சியாகக் கையில் எங்கோ பிரான்சின் பர்கண்டியில் படுத்திருக்கும் ஒரு பிரபுவின் கல்லறைச் சிற்பப் படம். படத்தையும் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்து உருகினீர்கள். பிறகு உங்கள் பிரசித்தி பெற்ற சோதனை: உறையோடு வாளைத் தலைகீழாகப் பிடித்து ஓர் உலுக்கு. வாள் அசையவில்லை. "இதுதான்யா உறை! பிஷப்பே வந்து இழுத்தாலும் வராது!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னீர்கள். தலைகீழாக உலுக்கி வாள் நழுவியவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினீர்கள். இறுக்கமான உறை வாங்க வசதியுள்ளவன் மாவீரன், மற்றவன் குடியானவன். அறுநூறு வருஷமாக இந்த வாசல் மாறவே இல்லை. என் வாளை உங்கள் கொட்டகையில் பூட்டிவிட்டு, என்னைக் கஞ்சி கிண்டவும், ரொட்டிக்கு வெங்காயம் போட்ட பன்றிக்கொழுப்பு தடவவும் அனுப்பினீர்கள்.

அப்புறம் மழை. காலை முழுக்க மாவீரர்கள் அதில் நனைந்தபடி பவனி வந்தார்கள். மத்தியானம் இரண்டு படையும் எதிரெதிரே நின்றன, கொம்பு ஊதினார்கள், நீங்கள் குதிரைமேல் இருந்து "வாளை உருவுங்கள்!" என்றீர்கள். ஒரு வாளும் வரவில்லை. மரம் ஊறி, தோல் சுருங்கி, நீங்கள் பொறுக்கியெடுத்த உறை ஒவ்வொன்றும் வாளைக் கவ்விக்கொண்டது. நம் ஆட்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிகிறார்கள், நிமிர்கிறார்கள். எதிரே அங்கியில் சிலுவை தைத்த எதிரிப் படை, அந்தச் சிலுவைக்காரர்களும் அதையே செய்கிறார்கள். ஒலிபெருக்கிக்காரர் சமாளித்தார்: "வீரர்கள் போருக்கு முன் மனமுருகிப் பிரார்த்திக்கிறார்கள்!" கூட்டத்தில் பாதிப்பேர் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள்.

பிறகு நீங்கள் குதிரையை விட்டிறங்கி, கவசம் குலுங்க என் கஞ்சிப் பானைக்கு ஓடி வந்தீர்களே, அந்தக் காட்சிக்காக உங்களை முக்கால்வாசி மன்னித்தேன்.

"டோப்ரவா, கண்ணு, அந்தக் கொழுப்பு வாளியைத் தூக்கிட்டு வாடி!"

"ஆயிரத்து நானூத்துப் பத்துல வெங்காயம் போட்டாங்களா சித்தப்பா?"

"மானம் போகுதுடி, வா!"

போனேன். நம் பக்கம் உறை வாய்களில் தடவினேன், எதிரிப் பக்கமும் தடவினேன். எதிரிகள்தான் நன்றி சொன்னார்கள். டாக்டருக்கு அதுவும் போதவில்லை. ஒரு சிலுவைக்காரன் வாளின் பிடியை இழுக்க, நம் படையில் நின்ற கசாப்புக்காரர் உறையை இழுக்க, கல்லறைப் பிரபுவின் வார் அறுந்து தங்கத் தகடுகள் புல்லில் தெறித்தன. "யாரும் அசையாதீங்க! மிதிச்சுடாதீங்க!" என்று அவர் அலற, இரண்டு படையும் மண்டியிட்டுத் தகடு தேடின. ஏரிக்கரை இத்தனை வருஷத்தில் இப்படிக் கைதட்டியதில்லை. கடைசியில் வாள்கள் வந்தன, போரும் நடந்தது, மைதானம் முழுக்கப் பொரித்த வெங்காய வாசனை. யாருடைய நாயோ ஒன்று டாக்டரையே சுற்றிச் சுற்றிப் போரிட்டது. நான் கையில் கரண்டியோடு நின்று, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஆனாலும் வாளோடு நிற்கவில்லை. ஆகவே கேட்கிறேன்: அடுத்த ஜூலையில் பாட்டன் பூட்டன் வாரோடு வரும் எல்லாரையும் உள்ளே விட வேண்டும். ஏழைக்கு மோஸ்தர் கிடையாது என்பதைச் சங்கத்தின் விதியாக்க வேண்டும்.

சித்தியின் கைகளுக்கு என் முத்தம். குதிரைக்கு ஒரு தட்டு. தேவன் உங்கள் முழங்காலைக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்
டோப்ரவா

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டும் முன் சங்கத்திலிருந்து போன் வந்தது. அடுத்த ஆண்டு முன்வரிசையில் எனக்கு இடம். அதோடு உறை, வார் சோதனை முழுவதும் என் பொறுப்பாம். நிதானமாக யோசித்ததில் மேலே கேட்டதெல்லாம் நடக்காத காரியம். ஆளுக்கொரு பூட்டனைக் கூட்டிக்கொண்டு வந்தால் போர் எந்த வருஷத்தில் நடக்கும்? எனக்குப் புது வார் தைக்கத் தொடங்கிவிட்டேன். இன்னொன்று: கொழுப்பு தடவும்போது உங்கள் வாளுறையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அது மெஷின் தையல். முழுக்கப் பிரித்துக் கையால் தைத்து எடுத்து வாருங்கள், இல்லையென்றால் கஞ்சிப் பானைப் பக்கம்தான். எப்போது கொண்டுவருகிறீர்கள்?