உன் இடத்தில் ஒரு மென்பொருள்

மதிப்பிற்குரிய மைத்துனன் உர்போவுக்கு, உன் அக்கா இர்யாவின் கணவன் தாய்ஸ்தோ எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் எங்கள் கணினியும் சௌக்கியம். நீயும் ஸ்பெயின் கடற்கரையில் கருவாடாய்க் காய்ந்து சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஏரியில் பனி உடைந்து ஒரு மாதமாகிறது. கொசு வந்துவிட்டது. நாம் பேசிக்கொண்டு மூன்று வருடம் ஆகிவிட்டதால் முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இனி எங்களுக்கு நீ தேவையில்லை.

விஷயம் இதுதான். நீ பேஸ் கிடாரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நானும் டிரம்ஸ் பென்டியும் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம், போன குளிர்காலத்தில் பென்டிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, அதனால் ஏரிக்கரை நடனக் கொட்டகையை நடத்துகிற ராய்லி நேராக வீட்டுக்கே வந்து, "அண்ணே, ஒத்தை அக்கார்டியனை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? ஆட வர்றவங்க இழவு வீடுன்னு நினைச்சுத் திரும்பிப் போயிடுவாங்க" என்று கேட்டுவிட்டாள். அவள் கேட்ட சூட்டில் நான் நூலகத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கு நடத்தும் கணினி வகுப்பில் போய் உட்கார்ந்து, பாட்டுக் கோக்கும் மென்பொருள் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். மிக எளிது என்றார்கள். திரையில் கணக்கு நோட்டுப் போலக் கட்டம் கட்டமாக இருக்கும், ஒரு கட்டத்தைத் தொட்டால் ஒரு சுரம், அவ்வளவுதான். அதற்கென்று சொந்த வாத்தியம் அதிகம் கிடையாது. பிளக்இன் என்று வெளியிலிருந்து எந்த வாத்தியத்தையும் கொண்டுவந்து அதில் செருகிக்கொள்ளலாம், வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி. முதல் நாள் நான் செருகிய பேஸ் பிளக்இன் தேவாலயத்து ஆர்கனாக மாறி அலறியது. இரண்டாம் நாள் நம் பழைய டாங்கோ நடனப் பாட்டின் முதல் நான்கு வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிவிட்டு, நிறுத்தத் தெரியாமல், நீராவிக் குளியலுக்கான சானா அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். "அந்தப் பொட்டி இன்னும் எத்தனை தடவைதான் அழும்? அதுக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு வாங்க!" என்று உன் அக்கா சானாக் கதவைத் தட்டினாள்.

ஆனால் விடவில்லை. டிரம்ஸ் பிளக்இன் தங்கம். பியர் கேட்பதில்லை, முழங்கால் என்பதில்லை. பேஸ்தான் படுத்தியது. ஒவ்வொரு சுரமும் தாளத்தில் ஆணி அடித்தாற்போல் விழ, டாங்கோ ராணுவ அணிவகுப்பாகிவிட்டது. மனிதன் வாசிப்பதுபோல் ஆக்குவதற்கு ஒரு குமிழ் இருக்கிறது என்றார் நூலகத்து அம்மாள். திருகினேன். கண்ட இடத்தில் தடுக்கி விழுந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. நீ நாற்பது வருடமும் ஒரே இடத்தில்தான் பின்தங்குவாய், வரியின் கடைசித் தட்டில், போக மனமில்லாத விருந்தாளி வாசலில் நிற்பதுபோல. நம் பழைய கேசட்டைப் போட்டுக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு சுரமாகப் பிடித்துத் திரையில் மயிரிழை வலப்பக்கம் தள்ளித் தாமதப்படுத்தினேன். நானூற்றுப் பதினாறு சுரம், மூன்று வாரம். முடித்துச் சத்தமாகப் போட்டபோது, அடுக்களையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த உன் அக்கா கையெல்லாம் செதிலோடு ஓடிவந்தாள்.

"உர்போ வந்துட்டானா? எப்ப வந்தான்? ஏன் என்கிட்ட சொல்லல?"

கதவுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தாள். நான் கணினியைக் காட்டினேன். பாட்டு முடியும்வரை அப்படியே நின்றாள்.

"அவன் இல்லாமலே அவனை வாசிக்க வச்சிருக்கீங்க. ஒரு போன் பண்றது இதைவிடக் கம்மி வேலைதானே?"

"நான் ஏன் பண்ணணும்? போனவன் அவன்தானே?"

"ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டியாச்சு. அறிவு மட்டும் சேர்த்து வச்சு எண்ணினாலும் ஆறு வயசுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அந்தப் பாட்டை மறுபடி போட மனம் வரவில்லை.

இருந்தாலும் போன சனிக்கிழமை கொட்டகையில் வெள்ளோட்டம் விட்டேன். முதல் டாங்கோ அமர்க்களம். நம் வழக்கம் உனக்குத் தெரியும், ஒரு ஜோடிக்கு இரண்டு பாட்டு, நடுவில் யாரும் இடத்துக்குத் திரும்புவதில்லை, ஆடிய இடத்திலேயே நிற்பார்கள். அந்த நடுவை நான் மறந்தேபோனேன். முதல் பாட்டின் கடைசிச் சுரம் அடங்குவதற்குள் பெட்டி இரண்டாவதைத் தொடங்கிவிட்டது. பாதிப் பேர் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். நம் ஆம்பளைகள் ஒரு வாக்கியத்தை யோசிக்கவே முதல் பாட்டு முழுவதும் வேண்டும், அதைச் சொல்ல அந்த இடைவெளி வேண்டும். தபால்காரர் ஒருவர் விதவை அம்மாள் ஒருத்தியிடம் வாயைத் திறந்தார், பாட்டு வந்ததும் மூடிக்கொண்டார், அப்புறம் திறக்கவேயில்லை. அடுத்த சுற்றுக்குப் பத்து விநாடி இடைவெளி வைத்தேன். சிலருக்குப் போதவில்லை, சிலர் பேருந்துக்கு நிற்பவர்கள்போல் விட்டத்தைப் பார்த்தார்கள். பெட்டிக்குத் தலைநிமிர்ந்து பார்க்கத் தெரியாதே!

ராய்லி காப்பியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"உர்போ இருந்தா இந்நேரம் சுருதி சேர்த்துட்டு நிப்பான்."

"அவனுக்கு என்னைக்கு அது சேர்ந்துச்சு?"

"எப்பவுமே சேர்ந்துதான் இருந்துச்சு அண்ணே. என் வீட்டுக்காரர் முதமுதலா என்கிட்ட, 'உங்க பக்கம் மீன் கிடைக்குதா'ன்னு கேட்டார். அதைக் கேக்கறதுக்கு அவருக்கு நாலு நிமிஷம் ஆச்சு. நாலு நிமிஷமும் உர்போ எங்களைப் பாத்துக்கிட்டே அந்தக் கம்பியை முறுக்கிட்டு இருந்தான். நீங்க பாத்ததில்லையா?"

நான் பார்த்ததில்லை. நாற்பது வருடமும் என் அக்கார்டியன் கட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் நடுக்கோடைத் திருநாளன்று மைக்கில் நான் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்க மாட்டாய். "நாப்பது வருஷமா சுருதி சேர்த்தும் சேராத ஒரே ஆளு என் மச்சினன்தான்" என்றேன். முந்நூறு பேர் சிரித்தார்கள். நீ மட்டும், "சரி அத்தான்" என்று சொல்லிவிட்டுக் கிடாரை உறையில் போட்டாய். அந்தச் சிரிப்பு அன்றைக்கு எனக்கு இனித்தது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

அதற்காக நான் கெஞ்சுவதாக நினைத்துவிடாதே. பழகப் பழகப் பெட்டியும் கற்றுக்கொள்ளும். இடைவெளியை நானே கையால் கொடுத்துக்கொள்கிறேன். ஆகவே அங்கேயே வெயில் காய்ந்துகொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தொப்பி போடாமல் வெளியே போகாமல் நீண்ட ஆயுளோடு இரு. உன் அக்கா அன்பைச் சொல்லச் சொன்னாள், கம்பளிக் காலுறை வேண்டுமா என்றும் கேட்டாள். ராய்லியின் வணக்கம். பென்டியின் முழங்கால்கள் இரண்டும் உன்னை விசாரித்தன.

இப்படிக்கு,
உன் உதவி இனித் தேவைப்படாத
தாய்ஸ்தோ

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கிழித்துப் போடலாம் என்றிருந்தேன், அதற்குள் இர்யா படித்துவிட்டாள். இன்று காலை உன் பேஸ் வரிசையைக் கணினியிலிருந்து அழித்துவிட்டேன், நானூற்றுப் பதினாறு சுரத்தையும். நிச்சயமாகவா என்று அது கேட்டது. ஆமாம் என்றேன். அந்த இடத்தில் வேறு எதையும் செருகவில்லை, செருகப் போவதுமில்லை. நீ இல்லாமல் எனக்கு நன்றாகவே இல்லை, உர்போ. வரும் நடுக்கோடைத் திருநாள் ஆட்டத்துக்கு ராய்லி கொட்டகை அறிவிப்புப் பலகையில் உன் பெயரை எழுதிவிட்டாள், எழுதச் சொன்னவன் நான். மைக்கில் சொன்னதை மைக்கிலேயே திருப்பி எடுத்துக்கொள்கிறேன், முந்நூறு பேரும் கேட்கட்டும். முதல் பாட்டை நானும் பெட்டியும் எப்படியாவது சமாளித்துவிடுவோம். அது முடிந்ததும் நிறுத்திவிடுவேன். நீ மேடை ஏறும்வரை இரண்டாவது பாட்டு தொடங்காது, நின்ற நிலையில் ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணமே நிச்சயமானாலும் சரி.