காதர் பாயின் பாஸ்ரா மெடல்

நான் எந்தப் போருக்கும் போனவன் இல்லை. தீபாவளி வெடிக்கே காதைப் பொத்திக்கொள்கிற ரகம். ஆனாலும் இருபத்துமூன்று வயதில் என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் போர்ப் பதக்கங்கள் இருந்தன.

வெள்ளைக்காரன் கப்பலேறிய புதிது. ராயபுரம் பழைய இரும்புக் கடைகளில் கீல், கொக்கிகளோடு மெடல்களும் கிடக்கும். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தாவான நான் அவற்றை வாங்கிவந்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, சட்டையில் குத்திக் கண்ணாடியில் பார்ப்பேன். (வீட்டில் யாரும் இல்லாதபோதுதான்!)

டப்பாவில் ஒன்று மட்டும் இரவல். துறைமுக வாசலில் கயிற்றுக்கடை வைத்திருந்த காதர் பாய், முதல் உலகப்போரில் சிப்பாயாக இராக்கின் பாஸ்ரா வரை போய் வந்தவர். அவருடைய வெள்ளி மெடலின் ஒரு பக்கம் குதிரைமேல் ஆடையில்லாத ஒரு வீரன்; விளிம்பில் அவர் பெயரையே வெட்டியிருந்தார்கள். எங்கள் தெரு வாசகசாலை ஆண்டு விழாவில் காட்சிக்கு வைக்கிறேன் என்று கெஞ்சி வாங்கியிருந்தேன்.

"பத்திரம் நைனா. நம்ம பேரு வெள்ளியில கீறது அது ஒண்ணுலதான்" என்றார்.

விழா முடிந்தும் நாளைக்குத் தரலாம், நாளைக்குத் தரலாம் என்றே இருந்துவிட்டேன்.

அக்கா பிள்ளைக்குப் பேர் வைக்கும் நாளன்று பாய் வாசலில் வந்து நின்றார். புதுச் சட்டை, அத்தர் வாசனை. கூடவே அவர் வயதில் ஒருவர், நெஞ்சில் மெடலோடு.

"பாஸ்ராவுல என்கூட ஒரே கூடாரத்துல இருந்த தோஸ்து. ஆம்பூர்லேர்ந்து வந்துகீறான். ரெண்டு பேரும் மெடல் மாட்டிகினு போட்டோ புடிக்கப் போறோம். எடுத்துகினு வா நைனா."

டப்பாவைத் திறந்தேன். பித்தளையும் வெண்கலமும்தான் கிடந்தன.

"அம்மா, வெள்ளி மெடலெல்லாம் எங்க?"

அம்மா பாயசம் கிண்டிக்கொண்டே சொன்னாள்: "இன்னாடா கத்துற? குதிர மேல அம்மணமா ஒருத்தன் குந்திகினு இருந்தானே, அந்தக் கண்றாவியா? எல்லாத்தையும் ஆசாரிகிட்ட குடுத்து உருக்கி, புள்ளைக்கு அர்ணாக்கொடி பண்ணிட்டேன். மாமன் சீருன்னு உம் பேரத்தான் சொல்லிகீறேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? குழந்தையைத் தூக்கிவந்து பாய்முன் நீட்டினேன்.

"இன்னா நைனா இது?"

"மெடல், பாய்."



தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னதும் தோஸ்து வெடித்துச் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. குழந்தையின் இடுப்பிலிருந்த கொடியை விரலால் மெல்லத் தடவினார், எழுத்தைத் தேடுகிறவர்போல. திட்டியிருக்கலாம். திட்டவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ஸ்டுடியோவுக்கு நேரமாச்சு, வாடா" என்று தோஸ்தைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அக்கா பதறியடித்துப் பின்னாலேயே ஓடினாள்.

அந்தப் போட்டோவில் தோஸ்தின் நெஞ்சில் மெடல். பாயின் மடியில், அரைஞாண் தவிர ஒன்றும் அணியாத என் அக்கா பிள்ளை.

பரிகாரமாக இரும்புக்கடையில் தேடி, அதே மாதிரி வேறொரு வெள்ளி மெடல் வாங்கிக்கொண்டு போனேன். பாய் விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். "இது வேற யாரோ பேரு, நைனா" என்று என் கையிலேயே வைத்துவிட்டார். அதன்பிறகு நான் மெடல் வாங்கவில்லை.

பிள்ளைக்குக் குமரேசன் என்றுதான் பேர் வைத்தோம். தெருவில் அப்படிச் சொன்னால் யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து அவன் மெடல்தான். இப்போது மெடல் தாத்தா. பாய் இருந்தவரை, கடையைத் தாண்டும்போதெல்லாம் அவனை நிறுத்தி விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார். அவனும் பதிலுக்கு அடிப்பான். பக்கத்தில் நிற்கும் எனக்குத்தான் கையை எங்கே வைப்பதென்று தெரியாது.