பீரில் மாவு ஊற்றியவன்

நொதிக்காத பீரும் புளிக்காத இட்லி மாவும் ஒரே வியாதிதான், இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான் என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு முப்பது வயது. (இருபத்திரண்டு என்று எழுதலாமென்று பார்த்தேன், மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.)

ஷார்ஜா ரோலாவில் நானும் தங்கராசுவும் ஓர் அறையில் இருந்தோம். எனக்குப் பகல் டூட்டி, அவனுக்கு நைட் டூட்டி. நான் வருவதற்குள் அவன் கிளம்பியிருப்பான். வெள்ளிக்கிழமைதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

மனைவியின் அண்ணன் ஓமான் நாட்டுச் சலாலாவிலிருந்து என்னைப் பார்க்க வருவதாகப் போன் செய்தார். கல்யாணமாகி எட்டு மாதம்தான். வாய் சும்மா இருக்குமா?

"வாங்க மச்சான், நானே போட்ட ஸ்ட்ராங் பீர் தர்றேன். ஒரு டம்ளர் உள்ள போனா நீங்க சலாலாவுக்கு நடந்தே போயிருவீங்க!"

ஷார்ஜாவில் ஒரு சொட்டு மது கூடாது. பிடிபட்டால் வேலை, விசா எல்லாம் கலாஸ். ஆனால் மச்சான் முன்னால் மானம் போவதற்கு விசா போவதே தேவலை என்று தோன்றியது.

சூப்பர்மார்க்கெட் மால்ட் பானம், ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட், ஸ்ட்ராங் என்று வாய்விட்ட பாவத்துக்கு இரண்டு மடங்கு சர்க்கரை. எல்லாவற்றையும் தண்ணீர் கேனில் ஊற்றி, நொதிக்கும் வாயு வெளியேற மூடியிலிருந்து ஒரு குழாயைத் தண்ணீர் டம்ளருக்குள் விட்டேன். அறையில் மிச்சமிருந்த ஒரே மூலை ஏசிக்கு நேர் கீழே. ஏசி அப்போது ரிப்பேர். இரண்டு நாள் 'ளப் ளப்' என்று குமிழி வந்ததைக் கட்டிலில் படுத்துத் தாலாட்டு மாதிரி கேட்டேன்.

மூன்றாம் நாள் நாத்தூர், அதாவது எங்கள் கட்டடத்தின் வாட்ச்மேன் கான் பாய், ஆள் வைத்து ஏசியைச் சரி செய்துவிட்டார். ஈஸ்டுக்குக் குளிர் ஆகாது என்று எனக்குத் தெரியும். (அவ்வளவு முட்டாள் இல்லை.) மாமனாருக்காக வாங்கி வைத்திருந்த புலிப்படக் கம்பளியை எடுத்துக் கேனுக்குச் சுற்றினேன். வேலைக்குப் போய் வந்து பார்த்தால் குமிழி இல்லை. கம்பளி சுற்றியபடியே இருந்தது. ஆகவே குளிர் காரணமில்லை, ஈஸ்ட் செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதினேன்.

ஊரில் மாவு பொங்காவிட்டால் என்ன செய்வார்கள்? பழைய மாவு ஒரு கரண்டி சேர்ப்பார்கள். ஃப்ரிட்ஜில் நான்கு நாள் புளித்த பாக்கெட் மாவு இருந்தது. முதல் நாள் ஒரு கரண்டி. மறுநாள் மூன்று. அதற்கடுத்த நாள் பொறுமை போய், கேனைத் திறந்து வைத்துக்கொண்டு மீதி மாவைச் சாய்க்கும்போது கதவு தட்டப்பட்டது. கான் பாய்!

"பாய், ஏசி டீக் ஹை?" என்றவர் மூக்கைச் சுளித்தார். "யே க்யா பூ ஹை?" இது என்ன நாற்றம் என்கிறார்.

எனக்கு ஏர்போர்ட்டும் எமர்ஜென்சி பாஸ்போர்ட்டும் கண்முன் தெரிந்தன. கையிலிருந்த மாவுக் கரண்டியைத் தூக்கிக் காட்டினேன்.

"இட்லி, பாய்! இட்லி!"

அவர் கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இப்படிப்பட்டதைத் தின்று உயிர்வாழும் மனிதனா என்று பரிதாபப்பட்டுக் கதவை அவரே சாத்திவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மச்சான் வந்தார். பிரியாணி வைத்து, அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்தார். கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவில்லை.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"சட்னி இருக்கா?"

இன்றுவரை எங்கள் குடும்பத்தில் பாயசம் திரிந்தாலும் காபி ஆறினாலும் கேட்கிற கேள்வி அதுதான். மச்சானின் பேரன்கூடக் கேட்கிறான்.

அன்று நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். "குளிரக் கூடாதுன்னு கம்பளியெல்லாம் சுத்தி வச்சேன் மச்சான்..."

சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கராசுவின் கை நின்றது. "அது அதுக்காண்ணே? நான் டூட்டி முடிச்சு வந்து ஏசிய ஃபுல்லா வச்சுட்டு, அதத்தானே போத்திக்கிட்டுப் படுக்கிறேன்! சாயங்காலம் போகும்போது மறக்காம பழையபடி சுத்தி வச்சிருவேன்."

ஈஸ்ட் சாகவில்லை. கம்பளி தங்கராசு மேல் இருந்தது. பீர் தினமும் பகல் முழுக்க ஏசிக்குக் கீழே அம்மணமாக நின்று விறைத்துக்கொண்டிருந்தது.