என்னை எதிர்த்து நான் நடத்திய ஆர்ப்பாட்டம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

கட்சி முறையில் தோழமை வணக்கம். உறவு முறையில் இன்னொரு வணக்கம். இங்கே உங்கள் தங்கை நலம். என் நலம் ஞாயிற்றுக்கிழமை கூடும் கிளைக் கூட்டத்தின் கையில் இருக்கிறது. என்னைக் கட்சியிலிருந்து நீக்கப் போகிறார்கள். நீங்கள் மேல்குழுவில் இருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொன்னால் பிழைத்துக்கொள்வேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நகரமன்றத் தலைவர் தேர்தலில் நாம் நிற்பது முதலாளித்துவ ஜனநாயகத்தின் முகமூடியைக் கிழிக்க மட்டும்தான் என்று தீர்மானம் போட்டார்கள். அதனால் ஜெயிக்கிற ஆபத்து துளியும் இல்லாத ஆளாகத் தேடி, தையற்கடைக்காரனான என் தலையில் கட்டினார்கள். மற்ற இரண்டு வேட்பாளர்களும் மேடைக்கு மேடை ஒருவர் குட்டை ஒருவர் உடைத்தார்கள். ஊர் இரண்டு பேர் சொன்னதையும் நம்பிவிட்டது. என்னிடம் துணி கொடுத்துவிட்டு நடையாய் நடந்தவர்களோ, இவன் பதவிக்குப் போனால் துணியையாவது திருப்பி வாங்கிவிடலாம் என்று குத்தித் தள்ளினார்கள். ஜெயித்துத் தொலைத்தேன். கட்சி அலுவலகம் இழவு வீடு மாதிரி இருந்தது. கிளைச் செயலாளர், அதுதான் நம் கணக்கு வாத்தியார், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்கள நம்பித்தானே தோழர் நிறுத்தினோம்? இப்படிப் பண்ணிட்டீங்களே!”

அடுத்த தலைவலி, நகரமன்றத்தின் முன்னால் மாதாமாதம் நாம் நடத்தும் ஆர்ப்பாட்டம். இனி அது வேண்டாமே என்று மெல்ல இழுத்தேன். “ஆட்சி வேற, கட்சி வேற. ஆளும் வர்க்கத்த எதிர்த்துப் போராட்டம் தொடரும்” என்றார் வாத்தியார். ஆளும் வர்க்கம் யார் என்று ஒருவர் கேட்க, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கோஷம் எழுதி எடுத்துக் கொடுப்பது எப்போதும் என் வேலைதானே. வாசலில் நின்று “தலைவரே வெளியே வா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். வெளியே வர உள்ளே ஆள் இல்லை. உடனே மாடிக்கு ஓடி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, பின்னாலேயே ஏறி வந்து வாத்தியார் நீட்டிய மனுவை வாங்கிக்கொண்டு “பரிசீலிக்கிறேன்” என்றேன். திரும்பவும் கீழே வந்து “பரிசீலனை என்பது பித்தலாட்டம்!” என்று கோஷம் எடுத்துக் கொடுத்தேன். நகரமன்றக் காவலாளி எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, “சார், ஏதாவது ஒரு இடத்துல நில்லுங்க சார்” என்றார்.

தண்ணீர் என்றதும்தான் விஷயத்துக்கு வருகிறேன் மச்சான். எங்கள் மேட்டுத்தெருவுக்குக் குழாய் உண்டு, தண்ணீர் ஏறாது. பள்ளத்திலிருந்து வாளி தூக்கித் தூக்கி உங்கள் தங்கைக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. ஒரு மோட்டார் வைத்தால் தீர்ந்தது. ஆனால் அதைத் தனியார் கம்பெனியில் வாங்கினால் முதலாளித்துவம் பலப்படுமா என்று கிளையில் விவாதம் கிளம்பி, உங்கள் மேல்குழுவின் கருத்தைக் கேட்டு எழுதினார்கள். பதில் வரும்வரை ஓட்டுப் போடாதே என்று எனக்கு உத்தரவு. நீங்கள் எல்லாரும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் போலும். அதற்குள் மன்றத்தில் ஓட்டெடுப்பு வந்து, உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்துவிட்டார்கள். அப்படிப் பிரிந்தால் தலைவர் ஓட்டுதான் முடிவு. பார்வையாளர் வரிசையில் உங்கள் தங்கை வாளியோடு உட்கார்ந்திருந்தாள். வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டாள். மோட்டாருக்கு ஓட்டுப் போட்டுவிட்டேன்.

இப்போது தெரு முழுக்கத் தண்ணீர் கொட்டுகிறது. வாத்தியார் உட்பட நம் கிளைத் தோழர்கள் எல்லாரும் இதே தெருதான், இதே தண்ணீரில்தான் குளிக்கிறார்கள். குளித்துவிட்டு வந்து, கட்டுப்பாட்டை மீறினேன் என்று எனக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். “ஓட்டுப் போட்ட சனத்துக்கும் நான் பதில் சொல்லணுமே தோழர்” என்றால், “அத முதல்ல கட்சிகிட்ட கேட்டுட்டுச் சொல்லணும்” என்கிறார் வாத்தியார். நாற்காலி போனால் போகட்டும், தையல் மிஷின் இருக்கிறது. கட்சி இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியாது மச்சான். மீசை முளைத்த நாளிலிருந்து வேறு எங்கும் போனதில்லை. எப்படியாவது காப்பாற்றுங்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, மேல்குழுவுக்குப் புரட்சிகர வாழ்த்துகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: சிபாரிசு இனி வேண்டாம். கூட்டத்தை இன்று மாலையே கூட்டிவிட்டார்கள். என்னை நீக்கும் தீர்மானத்தை வாசித்துவிட்டு, “ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க” என்றார் வாத்தியார். ஒருத்தரும் தூக்கவில்லை மச்சான்! எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் செயலாளர் கேட்டு ஒரு கைகூட எழாமல் இருந்து நான் பார்த்ததே இல்லையா, மனசு பொறுக்கவில்லை. என் கை தானாகப் போய்விட்டது. எதிர்க்கிறவர்கள் யார் என்று கேட்டார். செயலாளரின் தீர்மானத்தை எதிர்த்து நம் ஆட்களுக்குப் பழக்கம் ஏது? ஆதரவு ஒன்று, எதிர்ப்பு இல்லை, தீர்மானம் நிறைவேறியது என்று அறிவித்துவிட்டு, வாத்தியாரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்கள் தங்கை வாசலில் காத்திருந்தாள். வழியில் மறுபடி எதற்காவது தூக்கிவிடப் போகிறேன் என்று, என் வலது கையைப் பிடித்துக்கொண்டே வீடுவரை வந்தாள்.