லோகநாதன் சார் தொட்டு வரைந்த ஓவியம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த அடுத்த மகத்தான காரியம், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு போல்ட் கம்பெனியார் கண்ணைக் கட்டிக்கொண்டு படம் வரைந்ததுதான். 2007இல் நாவலூர் பக்கம் சாஃப்ட்வேர்க்காரர்கள் இதையெல்லாம் செய்கிறார்கள் என்று பொது மேலாளர் லோகநாதனிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பர்ச்சேஸ் பிரிவு ஷாயிஸ்தாவுக்கோ வேறு கவலை. ஞாயிற்றுக்கிழமை பல்லாவரத்தில் நிக்காஹ். பிரியாணிக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்துவிட்டது, மணப்பெண்ணுக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை. லீவு லெட்டரை நீட்டும்போதெல்லாம் லோகநாதன், "இப்ப இன்னாம்மா அவசரம்? பயிற்சி முடியட்டும்" என்பார்.

பயிற்சியாளர் சாமுண்டீஸ்வரி துணிப்பையோடு வந்தார். "கண்ணைக் கட்டிக்கிட்டு இடது கையைப் பைக்குள்ள விடுங்க. உள்ள இருக்கறதைத் தடவிப் பாருங்க. விரல் உணர்றதை வலது கை வரையட்டும். மூளையை மட்டும் தயவுசெஞ்சு குறுக்க விடாதீங்க."

இந்தக் கடைசி நிபந்தனையால் நிர்வாகத்துக்கு யாதொரு சிரமமும் ஏற்படவில்லை.

பைக்குள் இருந்தது அந்தக் கம்பெனி போல்ட்டேதான். தரக்கட்டுப்பாட்டு அதிகாரி அப்பாதுரை அதைப் பயபக்தியோடு தடவிக் கத்தரிக்காய் வரைந்தார்.

"காம்புகூட கையில தட்டுப்பட்டுது மேடம்!"

"அற்புதம்! பொருளையே தாண்டிப் போயிட்டீங்க சார்!"

அவர் பல காலமாகத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தார். அதை வாடிக்கையாளர்கள் அறிவார்கள்.

அடுத்து லோகநாதன். தாள் கொடுக்கும் பொறுப்பு ஷாயிஸ்தாவுடையது. கண்கட்டோடு கம்பீரமாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்று தோன்றியது. மூளையின் உதவியில்லாமல் இந்தக் கைக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதானே! வெள்ளைத் தாளுக்குப் பதில் லீவு லெட்டரை அவர் முன்னால் வைத்தாள். பேனா பிடித்த கையை மெல்ல நகர்த்திவிட்டாள்.

"சார், இங்கேருந்து ஆரம்பிங்க."

இடது கை போல்ட்டைத் தடவியது. வலது கை ஒரு பெரிய வளைவு போட்டது, உள்ளே ரெண்டு சுழி சுழித்தது, கீழே கோடிழுத்து ரெண்டு புள்ளியும் வைத்தது.

சாமுண்டீஸ்வரி தாளைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினார். "பாருங்க! ஆழ்மனசோட அசல் ஓவியம்!" கைதட்டல் கூரையைப் பிளந்தது. கட்டை அவிழ்த்த லோகநாதன் தன் படைப்பைக் கண்டு பூரித்தார். அப்புறம்தான் மேலே இருந்த எழுத்தைப் பார்த்தார்.

"இது... லீவு லெட்டராச்சே?"

"ஆமா சார். ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள் ஷாயிஸ்தா. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கலைஞர் திருதிருவென்று விழித்தார். கையெழுத்து செல்லாது என்றால் ஓவியமும் போச்சு, கைதட்டலும் போச்சு. அதற்குள் சாமுண்டீஸ்வரி கண்கலங்கிக் கேட்டார்: "கண்ணைக் கட்டியும் கோடு இம்மியளவு பிசகலையே, எப்படி சார் இது?"

லோகநாதன் கூச்சத்தோடு தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதுல இன்னா மேடம் கீது? சர்வீஸ் பூரா இப்படித்தானே போட்டுக்கினு இருக்கேன்."