போர்ட்டோவில் நான் வைத்த பந்தி

நான் ஒரு மடையன். இதை என் மனைவி வசந்தி சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. அவள் சொன்னால் உதாரணங்களோடு சொல்வாள், கேட்டு முடிக்க உங்களுக்கு ஒரு கிழமை லீவு வேண்டும். நான் ஒரேயொரு உதாரணத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். போர்த்துக்கல் நாட்டின் போர்ட்டோ நகரத்தில், பட்டப்பகலில், டிக்கெட் எடுத்து வந்த ஒரு சுற்றுலாப் பயணியாகிய நான், என்னைக் கல்யாண வீட்டுக்காரன் என்று நினைத்துக்கொண்ட உதாரணம்.

(லண்டனில் ரெய்னர்ஸ் லேன் பக்கம் பதினெட்டு வருடமாகக் கார் ஓட்டப் பழக்குகிறேன். எந்த இடத்தில் பிரேக் போட வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். இதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.)

என் மகள் துளசிக்கு அரவிந்த் என்கிற பையனைப் பிடித்துப் போயிற்று. பையனில் ஒரு குறையும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவனுடைய அப்பா கோயம்புத்தூர்க்காரர், லண்டனில் இருதய வைத்தியர். மூன்று தரம் அவர்களைச் சந்தித்தோம். மூன்று தரமும் கல்யாணப் பேச்சை எடுத்தால் டாக்டர் "பாக்கலாங்க" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். அந்த ஒரு சொல்லை எங்கள் வீட்டில் வாரக்கணக்காக ஆராய்ந்தோம். வசந்தி அது சம்மதம் என்றாள். நான் அது மறுப்பு என்றேன். துளசி மட்டும், அவர் இன்னும் யோசிக்கிறார் என்றாள். யாழ்ப்பாணத்து ஆட்களோடு அவருக்குப் பழக்கமில்லை, எங்களைக் கொஞ்சம் அறிந்துகொள்ள விரும்புகிறார், அவ்வளவுதான் என்பது அவள் கட்சி.

அறிந்துகொள்வதற்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெற்றோர் நான்கு பேரையும் ஒரு வார இறுதிக்குப் போர்ட்டோவுக்கு அனுப்பி, அங்கே உணவும் வைனும் என்று ஒரு நடைச் சுற்றுலாவில் சேர்த்துவிட்டார்கள். ஐந்து இடங்கள். இடத்துக்கு ஒரு தட்டு, ஒரு கிளாஸ். நடக்கிறவர்கள் அதிகம் பேச மாட்டார்கள், தின்கிறவர்கள் சண்டை பிடிக்க மாட்டார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. நல்ல கணக்குத்தான். என்னை அதில் சேர்த்ததுதான் பிழை.

விமான நிலைய வாசலில் துளசி என் பெட்டியை இறக்கிவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, அங்கிள் இன்னும் யெஸ் சொல்லேல்லை. இந்த ட்ரிப்பிலதான் டிசைட் பண்ணப் போறார். ப்ளீஸ், ஜஸ்ட் பி நார்மல்."

"நான் எப்பவும் நோர்மல்தானே, பிள்ளை."

"அதுதான் அப்பா எனக்குப் பயம்."

சுற்றுலாவில் நாங்கள் நான்கு பேர், கனடாக்காரர், டச்சுக்காரர் என்று மொத்தம் பன்னிரண்டு பேர். வழிகாட்டி இனேஸ் என்கிற ஒரு பெண். குட்டை முடி, மஞ்சள் குடை, நிறையப் பொறுமை. (அந்தப் பொறுமை எவ்வளவு தூரம் போகும் என்பதை அன்று பின்னேரத்துக்குள் நான் அளந்து பார்த்துவிட்டேன்.) முதல் இடம் பழைய சந்தைக்குள் ஒரு சின்னக் கடை. நான் உட்கார்ந்ததும் உட்காராததுமாக இனேஸுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தேன். நானூறு வருடத்துக்கு முன்னர் உங்கள் ஆட்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள், நாங்கள் இன்றைக்கும் ரொட்டியைப் பாண் என்றும் மேசையை மேசை என்றும் நாற்காலியைக் கதிரை என்றும்தான் சொல்கிறோம், எல்லாம் நீங்கள் விட்டுவிட்டுப் போனவை. ராச்சியத்தை எடுத்துக்கொண்டு கதிரையைத் தந்துவிட்டுப் போனீர்கள் என்றேன். இனேஸ் சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். அத்தோடு நான் வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அப்போதுதான் தட்டு வந்தது. பாண் துண்டுகளின் மேல் மத்தி மீன், பக்கத்தில் ஒலிவ், ஒரு துண்டு சீஸ். ஆளுக்கு ஒன்று என்று எண்ணி வைத்திருந்தார்கள்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டாரோடு ஒரு பந்தியில் இருந்தால் அவன் சாப்பிட மாட்டான், கவனிப்பான். அது இடத்தைப் பொறுத்ததல்ல. மண்டபமாக இருந்தாலென்ன, மக்டொனால்ட்ஸ் மாதிரி ஒரு கடையாக இருந்தாலென்ன, டாக்டரின் முன்னால் ஒரு தட்டு வந்ததும் என் கை தானாகவே எழுந்தது. என்னுடைய மத்தித் துண்டை எடுத்து அவருடைய தட்டில் வைத்தேன்.

"ஐயோ, போதுங்க," என்றார்.

முதல் இரண்டு "போதும்" எங்களிடம் கணக்கில் இல்லை. விருந்தாளி இரண்டு கையாலும் தட்டை மூடி, உடம்பைப் பின்னால் சாய்த்து, கிட்டத்தட்ட அழவேண்டும். அதற்குப் பிறகுதான் அது மறுப்பு. டாக்டர் அமைதியான குரலில் ஒருதரம் "போதுங்க" என்றதை நான் "இன்னும் கொண்டு வாங்கோ" என்று எடுத்துக்கொண்டேன்.

அவருடைய பக்கத்தில் வேறொரு சட்டம் இருந்திருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெண் வீட்டுக்காரர் தன் கையால் எடுத்து வைத்ததை மிச்சம் வைத்தால் அது அவமரியாதை. ஆகவே நான் வைத்ததையெல்லாம் அவர் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடித்ததைப் பார்த்து, பசிதான் என்று முடிவு கட்டி, நான் இன்னும் வைத்தேன். இரண்டு மரியாதைகள் ஒரு மனிதனுடைய வயிற்றுக்குள் வைத்து மோதிக்கொண்டன.

டாக்டர் குடிப்பதில்லை. அவருடைய மனைவி கௌரி அம்மாவும் தொடுவதில்லை. அதை வெளியே சொன்னால் இனேஸின் மனம் நோகும் என்று இரண்டு பேரும் தங்கள் கிளாஸை மெதுவாக என் பக்கம் தள்ளினார்கள். எனக்குப் புல்லரித்தது. நான் உணவு கொடுக்கிறேன், அவர்கள் வைன் கொடுக்கிறார்கள், இதைவிட ஒரு சம்பந்தம் எப்படிக் கூடிவரும்? மறுக்காமல் குடித்தேன். ஆக ஒவ்வொரு இடத்திலும் மூன்று கிளாஸ் உள்ளே போயிற்று. சாப்பாடு ஒரு துண்டும் போகவில்லை.

இரண்டாவது இடத்தில் பன்றி இறைச்சி வைத்த பாண். மூன்றாவது இடத்தில் உப்புக் கருவாட்டு மீனை உருளைக்கிழங்கோடு பிசைந்து பொரித்த உருண்டைகள். அதற்குள் நான் டாக்டரோடு நின்றுவிடவில்லை. இனேஸின் கையிலிருந்த தட்டத்தை வாங்கிக்கொண்டு, வரிசையாகக் கனடாக்காரருக்கும் டச்சுக்காரருக்கும் பரிமாறிக்கொண்டு போனேன்.

"சேர், ப்ளீஸ், நீங்கள் உட்காருங்கள், இது என் வேலை," என்றாள் இனேஸ் ஆங்கிலத்தில்.

"நோ, நோ. யூ சிட். யூ ஈட்," என்றேன். (அந்தப் பிள்ளையின் தட்டிலும் இரண்டு உருண்டை வைத்தேன்.) ஒரு கனடாக்காரி வெறும் கிளாஸை என்னிடம் நீட்டிக் கழிவறை எங்கே என்று கேட்டாள். கிளாஸை வாங்கிக்கொண்டு வழி காட்டினேன்.

வசந்தி என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரே? இருந்து ஏதும் சாப்பிடுங்கோ."

"பெண்ணைப் பெத்தனாங்கள். நாங்கள் இருக்கக் கூடாது."

"நான்தான் பெத்தனான். நான் இருந்து சாப்பிடுறன். நீங்களும் இருங்கோ."

நியாயமான பேச்சுத்தான். ஆனால் எனக்குள்ளே அப்போது ஒன்பது கிளாஸ் இருந்தது. நான்காவது இடத்தில் நான்கு வகை இறைச்சியை அடுக்கி, மேலே சீஸ் உருக்கி, சாறு ஊற்றிய ஒரு பெரிய சாண்ட்விச் வந்தது. இருவருக்கு ஒன்று என்றார்கள். டாக்டருக்கு ஒன்றரை வைத்தேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"முப்பது வருஷமா பேஷண்டுகளுக்கு எதெதெல்லாம் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னனோ, எல்லாம் இந்தத் தட்டுல இருக்குதுங்க."

நான் அதைப் பகிடி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். சம்பந்தி என்று கூப்பிட ஆரம்பித்ததும் அங்கேதான் என்று வசந்தி சொல்கிறாள்.

கடைசி இடம் பாலத்தைக் கடந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு நிலவறை. ஆள் உயரத்துக்கு மரப் பீப்பாக்கள், இருட்டு, குளிர், இனிப்பான போர்ட் வைன். நடுவில் ஒரு நீள மேசை. மேசையில் ஒரு வெள்ளித் தட்டத்தில் கஸ்டர்ட் நிரப்பிய சின்னச் சின்னப் பணியாரங்கள். கௌரி அம்மா பீப்பாக்களைக் காட்டவேண்டும் என்று லண்டனில் இருந்த பிள்ளைகளுக்கு வீடியோ கோல் எடுத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் மாறியிராது.

அந்தத் தட்டத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு தெளிவு வந்தது. (இப்படியான தெளிவு வந்தால் உடனே உட்கார்ந்துவிடவேண்டும். நான் எழும்பினேன்.) தட்டம் இருக்கிறது. இனிப்பு இருக்கிறது. இரண்டு பக்கத்துப் பெற்றோரும் இருக்கிறார்கள். சாட்சிக்கு இரண்டு கண்டத்து ஆட்கள் இருக்கிறார்கள். நிச்சயதார்த்தத்துக்கு வேறென்ன வேண்டும்? ஒரு போத்தல் போர்ட் வைனைத் தட்டத்தின் நடுவில் நிறுத்தி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சபைக்கு ஆங்கிலத்தில் அறிவித்தேன்: இவர் மாப்பிள்ளையின் அப்பா, நான் பெண்ணின் அப்பா, இப்போது தட்டு மாற்றப் போகிறோம், நீங்கள் எல்லோரும் கல்யாணத்துக்கு வரவேண்டும். டச்சுக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

"சம்பந்தி, எழும்புங்கோ. தட்டைப் பிடியுங்கோ."

டாக்டர் எழுந்தார். தட்டத்தைப் பார்த்தார். முகம் ஒருமாதிரி வெளிறிற்று. இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு, திரும்பி, வாசலை நோக்கி ஓடினார்.

நிச்சயதார்த்தத்தில் தட்டு நீட்டும்போது மாப்பிள்ளையின் அப்பா எழுந்து ஓடுவது நல்ல சகுனம் என்று எந்தச் சாத்திரத்திலும் நான் கேள்விப்பட்டதில்லை. என் தலைக்குள் ஒரே எண்ணம்தான்: இதுதான் அவருடைய பதில். என் பிள்ளையின் கல்யாணம் வாசலால் ஓடுகிறது. நானும் தட்டத்தோடு பின்னால் ஓடினேன்.

ஆற்றோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். நான்கு இடத்துப் பந்தியும் ஒவ்வொன்றாக டோரோ ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு மனிதன் பொதுவாக அந்தக் காட்சியைப் பார்த்தால் காரணம் விளங்கிக்கொள்வான். நான் பக்கத்தில் போய் நின்று தட்டத்தை நீட்டினேன்.

"வெறுவயித்தோட போகாதேங்கோ சம்பந்தி. ஒண்டே ஒண்டு."

"தள்ளிப் போங்க!" என்றார். அவரிடமிருந்து வந்த முதல் "ங்க" இல்லாத குரல் அது. ("ங்க" சொல்லில் இருந்தது. குரலில் இல்லை.)

பின்னால் கௌரி அம்மா கைபேசியைப் பிடித்தபடி ஓடிவந்திருந்தார். அதற்குள்ளிருந்து என் மகளின் குரல் கேட்டது.

"அப்பா? அப்பா, வட் ஆர் யூ டூயிங்?"

நான் கைபேசிக்கும் ஒரு பணியாரத்தை நீட்டினேனாம். எனக்கு நினைவில்லை. டச்சுக்காரர் ஒருவர் எடுத்த வீடியோவில் இருக்கிறது.

திரும்பிவரும் விமானத்தில் டாக்டர் கண்ணை மூடியபடி இருந்தார். சாண்ட்விச் வேண்டுமா என்று பணிப்பெண் கேட்டபோது மட்டும் ஒருதரம் திறந்தார். லண்டனில் இறங்கியதும் கை கூப்பிவிட்டு டாக்ஸியைப் பார்த்து நடந்தார். துளசி வால்தம்ஸ்டோவில் தன்னுடைய பிளாட்டுக்குள் இருந்துகொண்டு என் கோலை எடுக்கவில்லை. நான்கு நாள். தாயோடு மட்டும் பேசினாள், பேசும்போது அழுதாள் என்று வசந்தி சொன்னாள். அந்த நான்கு நாளும் நான் கார் பழக்கப் போன இடமெல்லாம் மாணவர்கள்தான் எனக்குச் சிக்னல் மாறிவிட்டதென்று சொன்னார்கள்.

ஐந்தாம் நாள், ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் எடுத்தேன். என்ன சொல்வதென்று எழுதி வைத்திருந்தேன். அவர் எடுத்ததும் தாளைக் காணவில்லை.

"டாக்டர், பிழை முழுக்க என்னுடையது. பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை. என்னைப் பார்த்து அவளை முடிவு பண்ணாதேங்கோ."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது:

"உங்க வீட்ல எல்லாருமே இப்படித்தானுங்களா?"

"இல்லை. நான் மட்டுந்தான். வசந்தியைக் கேளுங்கோ."

"அவங்க நேத்தே போன் பண்ணிட்டாங்க. இதையேதான் சொன்னாங்க." பிறகு தொண்டையைக் கனைத்தார். "எங்க வீட்ல எனக்கு இதுவரைக்கும் யாரும் இவ்வளவு எடுத்து வெச்சதில்லைங்க."

அது புகாரா பாராட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை. துணிந்து கேட்டேன்:

"அப்ப, கல்யாணத்துக்கு?"

அதற்கு அவர் சொன்ன பதில் எங்கள் இரண்டு வீட்டிலும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. நான் கரண்டியில் கை வைத்தால் வசந்தி அதைச் சொல்கிறாள். மாப்பிள்ளை அரவிந்த் அதைத் தன் அப்பாவின் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறான். கல்யாணத்தன்று மண்டபச் சமையல்கட்டு வாசலில் யாரோ கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியும் வைத்தார்கள். டாக்டர் சொன்னது இவ்வளவுதான்:

"சம்மதங்க, பந்தியில மட்டும் நீங்க பரிமாறக் கூடாது."